செவலையோடு சமணர் மலை: ஜிம் போகாத நாளின் கணக்கு

ஜிம் மாஸ்டர் ‘ஓய்வு’ என்று எழுதிக்கொடுத்த ஞாயிற்றுக்கிழமையை ஐப்பசியில் மலைக்குக் கொடுத்துவிட்டேன். கூட வருவது செவலை. நாட்டு நாய், பெண்; நிறமே பெயராக ஒட்டிக்கொண்டது. பங்குனி வரை பார்த்ததை எழுதி வைக்கிறேன்.

மதுரையைச் சுற்றிக் குன்றுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் நமக்குப் பிடித்த குன்று வேறு, நாய்க்குத் தோதான குன்று வேறு. மேலே நின்று ஊரைப் பார்ப்பதில் செவலைக்கு ஒரு அக்கறையும் கிடையாது. அதற்கு வேண்டியது நிழல், நகம் பிடிக்கிற தரை, முகர்ந்து பார்க்க நாலு புதர்.

அதனால் பெயர்பெற்ற இடங்கள்தான் முதலில் கழிந்தன. அழகர் மலை காப்புக்காடு. வீட்டு நாயின் உண்ணியும் நோயும் காட்டு விலங்குக்குத் தொற்றும் என்பதால் அங்கே நாய் என்ற பேச்சுக்கே இடமில்லை. அரிட்டாபட்டி 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம். தேவாங்கும் எறும்புத்தின்னியும் ராசாளியும் இருக்கிற ஊருக்கு, மயிலைக் கண்டாலே துள்ளுகிற நாயைக் கூட்டிப்போவது நியாயமில்லை. அங்கே தனியாகத்தான் போனேன். ஒத்தக்கடை யானைமலை எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஆனால் வழுவழுவென்று சரியும் மொட்டைப் பாறை. காலை எட்டு மணிக்கே சூடேறிவிடும்.

மிஞ்சியது கீழக்குயில்குடி சமணர் மலை. தேனி சாலையில் போய் நாகமலைப் புதுக்கோட்டைப் பக்கம் திரும்பினால் வந்துவிடும். அடிவாரத்தில் அய்யனார் கோயில், தாமரைக் குளம், பெரிய ஆலமரம். விடியும் முன்பே வண்டியை ஆலமரத்தடியில் நிறுத்திவிடுவேன். முதல் சோதனை மலை அல்ல, ஊர் நாய்க் கூட்டம். கல்லை எடுத்தால் சண்டைதான். கயிற்றைத் தளர்த்தி, நேருக்கு நேர் போகாமல் ஒதுங்கிப் பக்கவாட்டில் நடந்தால் நாலு குரைப்போடு முடிந்துவிடுகிறது.

கோயிலுக்குப் பின்னால் பாறையில் வெட்டிய படிகள் ஏறும். மேலே பேச்சிப்பள்ளத்தில் ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய சமணச் சிற்பங்கள் வரிசையாக இருக்கின்றன, கீழே வட்டெழுத்து. அந்த இடத்துக்கு வெகு முன்பே நாங்கள் திரும்பிவிடுவோம். யாரும் சொல்லி அல்ல, பாதுகாக்கப்பட்ட சின்னத்துப் பக்கத்தில் நாயைக் கால் தூக்க விடக்கூடாது என்று நானாக வைத்துக்கொண்ட எல்லை. (பெட்டை நாயும் கால் தூக்கும். செவலை தூக்கும்.) மீதி நேரத்துக்கு மலையடியைச் சுற்றிச் செட்டிப்புடவு என்ற குகைப் பக்கம் போகும் பாதை இருக்கிறது. மேடும் பள்ளமும் கலந்து, சீமைக் கருவேல நிழலோடு, நாய்க்கு அதுதான் சொர்க்கம்.

அங்கேதான் ஆட்டுக்காரர் ஒருவர் பழக்கமானார். முதல் நாள் தூரத்திலிருந்தே குரல் கொடுத்தார்: “தம்பி, நாயைக் கையில பிடி! ஆடு மிரண்டா பாறையில இருந்து குதிச்சிரும்.”

“பிடிச்சுத்தான்ணே இருக்கேன்.”

“கயித்தச் சுருக்கிப் பிடிப்பா.”

இப்போது ஆட்டு மணிச் சத்தம் கேட்டாலே நான் பாதை ஓரமாக நின்று செவலையை உட்கார வைத்துவிடுகிறேன். மந்தை முழுக்கக் கடந்து போகும் வரை அது நடுங்கிக்கொண்டே உட்கார்ந்திருக்கும். அந்த நேரம் என் முன்கைக்கு வருகிற வேலையை எந்த டம்பெல்லும் தந்ததில்லை.

சரி, உடம்புக்கு என்ன ஆயிற்று? ஏற்றம் எனக்குப் பெரிய விஷயமாகவே இல்லை. செவலை பத்தடிக்கு ஒருமுறை நின்று மோப்பம் பிடிக்கும். மூச்சு வாங்கத் தொடங்கும்போதே ஒரு நிறுத்தம் வந்துவிடும். பேசிக்கொண்டே ஏறலாம். கடும் பயிற்சி வேண்டுமென்று வருகிறவர்களுக்கு இது எரிச்சலாக இருக்கும். வாரம் முழுக்க எடை தூக்கிய உடம்புக்கு இந்த வேகம்தான் சரி என்பது என் கணிப்பு.

இறக்கம்தான் வேறு கதை. இறங்கும்போது தொடையின் முன்தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்குகிறது. அந்த வலி உடனே தெரியாது. இரண்டாம் நாள்தான் உச்சத்துக்கு வரும். திங்கட்கிழமை ஸ்குவாட் (எடையோடு உட்கார்ந்து எழும் கால் பயிற்சி) என்ற பழைய அட்டவணை இதோடு ஒத்துப்போகவில்லை. மாஸ்டர் ஒரு செவ்வாய்க்கிழமை என்னைப் பார்த்துச் சிரித்தார்: “என்ன சார், லெக் பிரஸ்ல அவ்வளவு போடுறீங்க, மாடிப்படி எறங்கக் கைப்பிடி தேடுறீங்க?” கால் பயிற்சியைப் புதனுக்குத் தள்ளி, முழங்கால் உயரப் பெட்டியிலிருந்து ஒற்றைக் காலில் மெல்ல இறங்கும் பயிற்சியைச் சேர்த்தார். மார்கழி முடிவதற்குள் வலி பாதியாகிவிட்டது. டெட்லிஃப்ட் எடை கூடியதா என்றால், பெரிதாக இல்லை. கணுக்கால் மட்டும் தெளிவாகத் தேறியிருக்கிறது.

இறங்குவதைச் செவலையைப் பார்த்தும் கொஞ்சம் கற்றேன். சரிவில் அது நேராக இறங்காது. தலையைத் தாழ்த்தி, பின்னங்கால்களை மடக்கி, குறுக்கும் நெடுக்குமாக வளைந்து இறங்கும். நகம் பாறையில் கிறுக்குகிற சத்தம் கேட்கும். நானும் அப்படியே குறுக்கே இறங்கிப் பார்த்தேன், முட்டிக்குச் சுமை குறைகிறது. ஒரு எச்சரிக்கை: கயிற்றை இடுப்பு பெல்ட்டில் மாட்டுவது ஏறும்போது மட்டும். இறங்கும்போது ஒரு அணில் ஓடினால் போதும், நாம் உருண்டுவிடுவோம். கழுத்துப்பட்டையைவிட மார்போடு மாட்டும் ஹார்னஸ் நல்லது.

மாசிக்குப் பிறகு வெயில்தான் எல்லாவற்றையும் தீர்மானித்தது. நாய்க்கு நம்மைப் போல் உடம்பு முழுக்க வியர்க்காது. பாதத்தில் கொஞ்சம் வியர்க்கும், மற்றபடி நாக்கைத் தொங்கப் போட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். புறங்கையைப் பாறையில் ஏழு நொடி வைக்க முடியவில்லை என்றால் அது நடக்கிற தரை இல்லை. ஈறு கருஞ்சிவப்பாகி, எச்சில் கொழகொழத்து, நடை தள்ளாடினால் அதற்கு மேல் ஒரு அடி கூடாது. நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பை, முக்கியமாக வயிற்றையும் தொடை இடுக்கையும், நனைத்துக்கொண்டே மருத்துவரிடம் ஓட வேண்டியதுதான். ஒரு லிட்டர் தண்ணீரும் எவர்சில்வர் கிண்ணமும் செவலைக்கென்றே தனி. குட்டைத் தண்ணீரைக் குடிக்க விடுவதில்லை, எலிக்காய்ச்சல் பயம். தடுப்பூசிகளை வருஷம் தவறாமல் போட்டுவிடுகிறேன். மலைக்கு முன் வயிறு நிறையச் சோறும் கிடையாது.

வீட்டுக்கு வந்தால் திண்ணையில் அடுத்த வேலை. கால் விரல் இடுக்கு, காது மடல், வால் அடி என்று உண்ணி தேட வேண்டும். விரலிடுக்கில் சாம்பல் நிறத்தில் பருப்பு மாதிரி உப்பியிருக்கும். சிறுகிடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்தால் தலையோடு வந்துவிடும். தைமாதம் ஊசிப்புல் காய்ந்த பிறகு இதைவிட அந்தப் புல்தான் தொல்லை. காதுக்குள் போய்விட்டால் நாய் தலையை உதறிக்கொண்டே இருக்கும். அதை நாமே நோண்டக் கூடாது.

பங்குனியோடு மலையை மூடிவிட்டேன். இப்போதைக்கு விடியும் முன் கண்மாய்க்கரை நடை மட்டும். கால் பயிற்சி மறுபடி திங்கட்கிழமைக்கே போய்விட்டது. புரட்டாசியில் மழை விழுந்து பாறை குளிர்ந்ததும் கொங்கர் புளியங்குளம் குன்றுப் பக்கம் பார்க்க வேண்டும். முதலில் தனியாகப் போய், நிழலும் ஆட்டு மந்தையும் எப்படி என்று பார்த்துவிட்டு, அப்புறம்தான் செவலை.