மூக்கில் பிறக்கும் ஆண்பால்

எங்கள் வீட்டில் மூன்று வருடங்களாக நான் வருவதும் இல்லை, போவதும் இல்லை. "வந்தாச்சு", "போயாச்சு", அவ்வளவுதான்.

அப்பா ஓய்வுபெற்ற தமிழாசிரியர். நான் திருநம்பி, அதாவது பெண்ணாகப் பிறந்த ஆண், என்று சொன்ன அன்று அவர் அழவில்லை, கத்தவில்லை. "நம்பின்னா திருக்குறுங்குடிப் பெருமாள் பேராச்சே" என்று மட்டும் சொல்லிவிட்டுச் செய்தித்தாளைப் பிரித்துக்கொண்டார். மறுநாள் காலை அத்தையிடம் தொலைபேசியில் என்னைப் பற்றிச் சொல்லும்போது "ஆபீசுக்குக் கிளம்பியாச்சு" என்றார். கிளம்பியது மனிதரா சூட்கேசா என்று அத்தையும் கேட்கவில்லை.

அன்றைக்குப் பிடித்த 'ஆச்சு'வை அவர் விடவே இல்லை. சாப்பிட்டாச்சு, தூங்கியாச்சு, கோவிச்சுக்கிட்டுக் கதவைச் சாத்தியாச்சு. ஒரே ஒரு தடவை மரியாதைப் பன்மையை முயன்று பார்த்தார். "வாங்க, உக்காருங்க" என்றதும் எனக்கு வாடகை கேட்கப்போகிறாரோ என்று பயமாகிவிட்டது. அப்புறம் அதையும் விட்டுவிட்டார்.

தமிழைக் குறை சொல்ல முடியாது. நான் வந்தேன், நீ வந்தாய் என்பதில் ஆண் பெண் எதுவும் இல்லை. முகத்துக்கு நேரே பேசும்வரை எனக்குப் பாலே கிடையாது. யாராவது என் முதுகுக்குப் பின்னால் பேசும்போதுதான் வந்தானா வந்தாளா என்ற வம்பு. ஆனால் முகத்துக்கு நேரேயும் ஒரு கண்ணிவெடி உண்டு. 'டா'வும் 'டி'யும். சில வீடுகளில் மகளையும் செல்லமாக 'டா' போடுவார்கள். எங்கள் வீட்டில் அதெல்லாம் இல்லை, 'டி' என்றால் 'டி'தான். அம்மா இரண்டையும் கைவிட்டு 'கண்ணு'வுக்கு மாறினார். கோபத்தில்கூட "எத்தனை தடவை சொல்றது, கண்ணு!" என்று பல்லைக் கடித்தார். கேட்கவே பயங்கரமாக இருக்கும்.

இதற்கிடையில் முப்பத்திரண்டு வயதில் எனக்குக் குரல் உடைந்தது. ஹார்மோன் செய்யும் வேலை. அலுவலகக் கூட்டத்தில் 'குட் மார்னிங்' சொன்னால் இரண்டு சொல்லுக்குள் மூன்று சுருதி. மீசை என்று பதினான்கு முடி; எண்ணியிருக்கிறேன். முகத்துக்குப் பதினேழு வயது, அடையாள அட்டைக்கு முப்பத்து நான்கு, அதிலும் பெண். எங்கள் சிங்கப்பூரில் அறுவை சிகிச்சை முடித்தால்தான் அட்டையில் பாலினத்தை மாற்றித் தருவார்கள். அதனால் பீர் வாங்கப் போனால் காசாளர் அட்டையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அக்காவோட ஐசியா தம்பி?" என்கிறார்.

வீட்டைச் சரிக்கட்ட வரலாற்றைத் துணைக்கு அழைத்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் விக்டோரியா ஸ்ட்ரீட் தேசிய நூலகத்தில் பழைய செய்தித்தாள்களைப் புரட்டினேன். சிங்கப்பூரில் முதல் பாலின மாற்று அறுவை சிகிச்சை 1971 ஜூலையில் கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில் நடந்தது. செய்தவர் டாக்டர் ஷான் ரத்னம். இதைச் சொன்னதும் அப்பா கண்ணாடியைக் கழற்றினார்.

"ரத்னமா? நம்ம ஆளா?"

"இலங்கைத் தமிழர்ப்பா."

"பாத்தியா!" என்று அம்மா பக்கம் திரும்பினார். அடுத்த கால்மணி நேரம் தமிழன் தொடாத துறையில்லை என்ற உரை. நடுவில் நான் எதற்காகச் சொல்ல வந்தேன் என்பது காணாமல் போனது.

அம்மா வேறு கணக்குக்குப் போனார். அவர் பிறந்ததும் அதே மருத்துவமனையில்தான், 1966இல். அந்த ஒரே வருடத்தில் அங்கே 39,835 குழந்தைகள் பிறந்து கின்னஸ் சாதனையாகிவிட்டது. அதை ஏதோ தானே நிகழ்த்தியதுபோல் சொல்லிக்கொள்வார். "அத்தனை பிள்ளைகளை அவசரத்தில் பார்த்து ஆணா பெண்ணான்னு எழுதினா ஒண்ணு ரெண்டு மாறத்தானேம்மா செய்யும்" என்று நூல் விட்டுப் பார்த்தேன்.

"நீ பொறந்த வருஷம் அங்க கூட்டமே இல்ல, கண்ணு."

நான் பிறந்தது 1991. அதே வருடம்தான் இங்கே உயர் நீதிமன்றம், கணவர் பெண்ணாகப் பிறந்தவர் என்ற காரணத்தால் ஒரு திருமணம் செல்லாது என்றது. அட்டையில் பாலினத்தை மாற்றிக்கொள்ள 1973இலேயே வழி வந்துவிட்டது. கல்யாணம் செய்துகொள்ள மட்டும் 1996 வரை சட்டம் காத்திருந்தது. இதையும் சொன்னேன். அம்மாவுக்குக் கல்யாணம் என்ற சொல் மட்டும் காதில் விழுந்தது. அதன் விளைவுகளை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

நூலகத்துக்குப் பக்கத்தில்தான் பூகிஸ். பழைய பூகிஸ் தெருவின் படங்கள் நிறையக் கிடைக்கின்றன. நள்ளிரவு விளக்குகள், மாலுமிகள், சுற்றுப்பயணிகள், நடுவே பட்டுச்சேலையிலும் பளபளப்பு கவுனிலும் திருநங்கையர். 1980களின் நடுவில் ரயில் நிலையம் கட்ட அந்தத் தெருவையே பெயர்த்துவிட்டார்கள். அந்தப் படங்களில் என்னைப்போல ஒருவரைத் தேடித் தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை. கட்டம்போட்ட சட்டையோடு ஓரமாக உட்கார்ந்து கோப்பி குடிக்கும் ஆளை யார் படம் எடுக்கப்போகிறார்கள்? ஒரு படத்தின் மூலையில் அப்படி ஒரு முழங்கை இருக்கிறது. அதை என் முன்னோர் என்று எடுத்துக்கொண்டேன்.

சரி, அப்பாவின் கதைக்கு வருகிறேன். போன மாதம் ஒரு சனிக்கிழமை தேக்கா பக்கம் இருவரும் முடிவெட்டப் போனோம். முடிவெட்டுபவர் பட்டுக்கோட்டைக்காரர். என் கழுத்தில் துணியைக் கட்டிக்கொண்டே கண்ணாடி வழியாக அப்பாவிடம், "பையன் என்ன படிக்கிறாப்ல?" என்றார்.

"படிச்சு முடிச்சாச்சு. வேலைக்குப் போயாச்சு."

"மீசை இப்பத்தான் அரும்புது, அதுக்குள்ள வேலையா! கல்யாணம்?"

"ஆகல."

அப்பா நன்றாகவே ஆடிக்கொண்டிருந்தார். ஆனால் பட்டுக்கோட்டைக்காரர் என் உச்சந்தலையைத் தடவி, "தலை இப்படிக் காஞ்சு கெடக்கே, எண்ணெயே வைக்க மாட்டாப்லயா?" என்றார். அப்பாவுக்கு முப்பது வருட ஆத்திரம் பொங்கிவிட்டது.

"எங்க வைக்கிறான்! சின்னதுலேர்ந்தே சொன்னாக் கேக்க மாட்டான்!"

கத்தரிக்கோல் சத்தம் மட்டும் கேட்டது. அப்பா கண்ணாடியில் என்னைப் பார்க்காமல் விலைப்பட்டியலை உற்றுப் பார்த்தார். என்னைத் திட்டுவதற்காகத்தான் எனக்கு ஆண்பால் கிடைத்திருக்கிறது. அதுவும் சின்னதிலிருந்தே, முன்தேதியிட்டு.

வெளியே வந்து தே தாரிக் குடிக்கும்போது அவராகவே தொண்டையைக் கனைத்தார். "நன்னூல்ல இருக்கு. 'பெண்மைவிட்டு ஆண் அவாவுவ பேடு ஆண்பால்'. பெண் தன்மையை விட்டு ஆண் தன்மையை விரும்பினா, ஆண்பாலாத்தான் கொள்ளணும். பவணந்தி முனிவரே சொன்னப்புறம் நான் என்ன சொல்றதுக்கு இருக்கு?" எப்போது தேடிப் பிடித்தார் என்று கேட்டேன். பதில் சொல்லாமல் இன்னொரு வடை வாங்கினார். பெற்ற பிள்ளை மூன்று வருடமாகச் சொன்னதை, பதின்மூன்றாம் நூற்றாண்டுக்காரர் ஒரே வரியில் முடித்துவிட்டார்.

வீட்டில் அம்மாவிடம் சூத்திரத்தைச் சொன்னோம். அம்மா முகத்தைச் சுளித்தார். "பேடுன்னா பொட்டைக் கோழிதானே?"

"ஒரு சொல்லுக்கு ரெண்டு பொருள் இருக்கும்" என்றார் ஆசிரியர்.

"அதைத்தானே இந்தப் புள்ள மூணு வருஷமாச் சொல்லுது!"

அந்த வாரமே அம்மா தொலைபேசியில் "வந்துட்டான்", "சாப்பிட்டான்" என்று பேசுவதைக் கேட்டேன். ஆனால் பேச்சுத் தமிழில் வந்துட்டானுக்கும் வந்துட்டாவுக்கும் நடுவில் இருப்பது ஒரு துளி மூக்கொலிதான். இந்தச் சமயம் பார்த்து அம்மாவுக்குச் சளி பிடித்தது. மெல்லினம் பிறக்கும் இடம் மூக்கு, அதுவும் நன்னூல்தான். மூக்கு அடைத்துக்கொண்டால் ஆண்பால் எங்கிருந்து பிறக்கும்? "வந்துட்டா... சாப்புட்டா..." சளியா, பழைய பழக்கமா? அறைக் கதவில் காதை வைத்து ஒட்டுக்கேட்டேன். நீராவி பிடிக்கச் சொல்லித் தைலத்தை எடுத்துக் கொடுத்தபோது, "என்ன திடீர்னு இவ்ளோ அக்கறை, கண்ணு?" என்றார்.

சளி தீருவதற்குள் தங்கை மகளுக்குக் காதுகுத்து வந்துவிட்டது. குடும்பத்திலேயே முதலில் என்னை ஏற்றுக்கொண்டவள் தங்கைதான். நான் சொல்லி முடிக்கும் முன்பே, "அப்போ தாய்மாமன் சீர் உன்னோடது" என்று கணக்கை முடித்துவிட்டாள். பெரியம்மாவாக இருந்திருந்தால் ஒரு கவுனோடு போயிருக்கும். இப்போது சிராங்கூன் சாலையில் தங்கத் தோடு, பட்டுப்பாவாடை, தட்டு நிறையப் பழம். திருநம்பியாக மாறுவதன் செலவுகளைப் பற்றிச் சொல்பவர்கள் யாரும் இதைச் சொல்லவில்லை.

கோவிலில் பத்தர் ஊசியோடு உட்கார்ந்து, "தாய்மாமன் வந்தாச்சா?" என்றார். நான் தூணுக்குப் பக்கத்தில் ஒட்டிக்கோ கட்டிக்கோ வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன்.

அம்மா கைக்குட்டைக்குள்ளிருந்து உரக்கச் சொன்னார்: "ஓ, வந்துட்டா!"

மாப்பிள்ளை வீட்டார் இருபது பேரும் ஒரு பெண்ணைத் தேடித் திரும்பினார்கள். பத்தரும் திரும்பினார். அத்தை மட்டும் என்னைப் பார்த்தார், பிறகு கூரையைப் பார்த்தார்.

அம்மா மூக்கை உறிஞ்சினார். மறுபடி சொல்லிப் பார்த்தார். "வந்துட்டா..." வரவில்லை. இன்னொரு தடவை உறிஞ்சினார். அதற்குமேல் பொறுமை இல்லை. என் பக்கம் திரும்பி மண்டபமே கேட்கும்படி ஒரு சத்தம் போட்டார்.

"மசமசன்னு நிக்கிறியே, போய் உக்காருடா!"

போய் உட்கார்ந்தேன். பிள்ளையை மடியில் வைத்தார்கள். பதினோரு மாதம், இரண்டு பல். ஊசி இறங்கியதும் இரண்டையும் என் கையில் பதித்துவிட்டாள். நான் துள்ளியதில் வேட்டியின் ஒட்டு 'பர்ர்ர்' என்று பிரிந்தது. அப்பா அவசரமாகத் தன் துண்டை என் மடியில் போட்டுவிட்டு, பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்: "நல்லவேளை, உள்ள கால்சட்டை போட்டிருக்கான்."