பாறைக்குழி மீன்கள்: இதுவரை பார்த்தது

கடல் வற்றும்போது பாறைப் பள்ளங்களில் தேங்கி நிற்கும் தண்ணீரில் குட்டி மீன்களைப் பார்ப்பதுதான் கொஞ்ச காலமாக என் பொழுதுபோக்கு. பெரும்பாலானவை விரல் நீளம்கூட இருக்காது. பிளென்னி (blenny), உளுவை (goby) என்ற இரண்டு வகை மீன்கள்தான் அதிகம். தொடக்கத்தில் நத்தையும் பாசியும் மட்டுமே தெரிந்த குழிகளில் இப்போது மீன்கள் தாராளமாகக் கண்ணில் படுகின்றன.

இதற்குக் காரணம், மீனைத் தேடுவதை விட்டுவிட்டுக் கண்ணைத் தேட ஆரம்பித்ததுதான். உடம்பு முழுக்கப் பாறையின் புள்ளியும் திட்டுமாக இருக்கும். அதைப் பிரித்துப் பார்ப்பது லேசில் நடக்காது. ஆனால் பிளென்னியின் கண் உச்சந்தலைப் பக்கமாகத் துருத்திக்கொண்டு நிற்கும். ஒரு கண் ஒரு பக்கம் பார்க்க, இன்னொன்று வேறு பக்கம் திரும்பும். அந்த அசைவு பிடிபட்டால் போதும், முழு மீனும் தெரிந்துவிடும்.

நிழல் குழியின் மேல் விழக் கூடாது. அதனால் வெயிலைப் பார்த்தபடி உட்காருகிறேன். தண்ணீரின் பளபளப்புக்குப் போலரைஸ்டு கண்ணாடி. அப்புறம் அசையாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அப்படி உட்கார்ந்திருந்தபோது ஒரு பிளென்னியை வெகு நேரம் பார்க்க முடிந்தது. பாறைத் துளையிலிருந்து முகம் மட்டும் வெளியே. கண்ணுக்கு மேல் கிளைவிட்ட சிறு இழைகள். மெல்ல வெளியே வந்து, தொண்டைக்குக் கீழே இருக்கும் இரண்டு மெல்லிய துடுப்புகளை முழங்கை போல ஊன்றி நின்றது. பாசியை நறுக் நறுக்கென்று கடித்தது. ஓர் அலை உள்ளே வந்ததும் வால் முதலில் போக, பின்னாலேயே துளைக்குள் நுழைந்துகொண்டது. வளர்ந்த பிளென்னிக்கு மிதக்க உதவும் காற்றுப்பை கிடையாது, நீந்துவதை நிறுத்தினால் அப்படியே தரையில் அமர்ந்துவிடும். அலை அடிக்கும் இடத்தில் அதுதான் வசதி. செதிலும் இல்லை, வழவழப்பான தோல்தான்.

பிளென்னியையும் உளுவையையும் பிரித்தறிய முதுகைப் பார்க்கிறேன். உளுவைக்கு முதுகுத் துடுப்பு இரண்டாகப் பிரிந்திருக்கும். பிளென்னிக்கு ஒரே நீளத் துடுப்பு. உளுவையின் வயிற்றுத் துடுப்புகள் சேர்ந்து ஒரு கிண்ணமாகியிருக்கும். ஓர் உளுவையைக் கண்ணாடி டப்பாவில் கொஞ்ச நேரம் விட்டபோது, அந்தக் கிண்ணத்தால் சுவரில் ஒட்டிக்கொண்டது அடியிலிருந்து நன்றாகத் தெரிந்தது. கையை நனைத்துக்கொண்டுதான் தொட வேண்டும், எடுத்த குழியிலேயே திரும்ப விட வேண்டும்.

உளுவை பற்றி எனக்கு மிகவும் பிடித்த செய்தி விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்த லெஸ்டர் அரான்சன் 1951இல் வெளியிட்ட ஆய்வு. ஒரு வகை உளுவை, கடல் ஏறியிருக்கும்போது பாறைகளின் மேல் நீந்தி மேடுபள்ளத்தை மனத்தில் பதித்துக்கொள்கிறது. வற்றிய பிறகு, கண்ணுக்குத் தெரியாத பக்கத்துக் குழிக்குக் குறி தவறாமல் தாவுகிறது! அதைப் படித்ததிலிருந்து நானும் குழிகளை வரைபடமாகக் குறித்து வருகிறேன்.

கற்களை இப்போது புரட்டுவதில்லை. அடியில் முட்டைகள் ஒட்டியிருக்கலாம், ஆண் மீன் காவல் இருக்கலாம். இடுக்கில் டார்ச் அடித்துப் பார்த்தாலே நிறையத் தெரிகிறது. அடுத்த அமாவாசை வற்றத்தில் தண்ணீர் இன்னும் கீழே இறங்கும். வயிற்றுப் பக்க உறிஞ்சியால் கல்லோடு ஒட்டியிருக்கும் கிளிங்ஃபிஷ்ஷைக் கீழ்வரிசைப் பாறைகளில் தேடப் போகிறேன்.