கம்ப்யூட்டர் இழுக்கிறதா? ரிச்சி ஸ்ட்ரீட் போகும் முன்

கம்ப்யூட்டர் மெதுவானால் சென்னையில் உடனே கிடைக்கும் யோசனைகள் இரண்டு: ‘ஃபார்மட் அடிச்சிடுங்க’, ‘ரிச்சி ஸ்ட்ரீட் (கம்ப்யூட்டர் பாகங்கள் விற்கும் தெரு) போய் ரேம் போட்டுட்டு வாங்க’. இரண்டுக்கும் முன்னால் ஒரு மணி நேரம் ஒதுக்கி, வேண்டாத மென்பொருளைக் களைந்து பாருங்கள்.

பலரும் பெரிய கேம்களை நீக்கிவிட்டு வேகம் கூடவில்லையே என்கிறார்கள். கூடாதுதான். திறக்காமல் கிடக்கும் மென்பொருள் இடத்தை அடைக்குமே தவிர (சி டிரைவ் நிரம்பி வழிந்தால் மட்டும் அதுவே தொல்லை) வேகத்தைத் தின்னாது. தின்பது, நாம் கூப்பிடாமலே பின்னால் ஓடிக்கொண்டிருப்பது.

அதைப் பிடிக்க, கம்ப்யூட்டரைப் போட்டு ஐந்து நிமிடம் கழித்து கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜரில் மெமரி, டிஸ்க் தலைப்புகளைச் சொடுக்கினால் அதிகம் விழுங்குவது மேலே வரும். பிறகு ஸ்டார்ட்அப் பகுதிக்குப் போய், ‘ஹை’ என்று காட்டுபவற்றில் தேவையில்லாததை டிஸேபிள் செய்யுங்கள். இரண்டு நாள் வேலை எதுவும் தடைபடவில்லை என்றால், கன்ட்ரோல் பேனலின் ‘புரோகிராம்ஸ் அண்ட் ஃபீச்சர்ஸ்’ போய் அன்இன்ஸ்டால் செய்யலாம். அங்கே பட்டியலைத் தேதிவாரியாக அடுக்குங்கள். நீங்கள் ஒன்றை இறக்கிய அதே நாளில் முன்பின் தெரியாத இன்னும் இரண்டு இருந்தால், அவை கூடவே ஒட்டிக்கொண்டு வந்தவையாக இருக்கலாம். ‘டிரைவர் அப்டேட்டர்’, ‘ரெஜிஸ்ட்ரி கிளீனர்’ வகையறாவையும் தயங்காமல் எடுத்துவிடலாம்.

பெரிய குற்றவாளி இரட்டை ஆன்டிவைரஸ். ஒவ்வொரு ஃபைலையும் இரண்டும் சோதிக்கும். சில நேரம் ஒன்றையொன்று சந்தேகப்படும். லேப்டாப்போடு வந்து காலாவதியான டிரயல் இருந்தால் நீக்குங்கள். விண்டோஸ் 10, 11-இல் டிஃபெண்டர் தானே பொறுப்பேற்கும். சாதாரண அன்இன்ஸ்டால், ஆன்டிவைரஸின் சில டிரைவர் ஃபைல்களை (விண்டோஸின் அடியில் ஓடுபவை) விட்டுவைக்கக்கூடும். அந்தந்த நிறுவனமே தரும் ரிமூவல் டூலை ஓட்டி, ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

டிடிபி கடைகளில் இன்னொன்று: மூன்று தமிழ்த் தட்டச்சு மென்பொருள்கள் ஒரே ஷார்ட்கட்டுக்கு அடித்துக்கொள்ளும். யூனிகோடு மட்டும் போதுமென்றால் விண்டோஸிலேயே தமிழ் 99 இருக்கிறது. யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில் அடித்த ஃபைல்களைத் திருத்துபவர்கள் மட்டும் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

அன்இன்ஸ்டால் பட்டியலில், மற்ற மென்பொருள்கள் ஓடத் தேவையான விஷுவல் சி++ ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் நாலைந்து இருக்கும். தொடாதீர்கள், வேறேதாவது திறக்காமல் போகும். ஆடிட்டர் அலுவலகம் என்றால் டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கனின் டிரைவரையும் விட்டுவிடுங்கள். புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டரை நேரடியாக டெலீட் செய்யவே கூடாது. ஃபைல் போனாலும் ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸின் உள்பதிவேடு) பதிவு நிற்கும், பூட் ஆகும்போது பிழைச்செய்தி வரலாம்.

காலையில் நன்றாக ஓடி, மே மாத மதியத்தில் மட்டும் திணறினால் மென்பொருளைக் குறை சொல்லாதீர்கள். ஃபேனில் தூசி அடைத்திருக்கும். சூடேறினால் பிராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

இத்தனைக்கும் பிறகு சும்மா இருக்கும்போதும் டிஸ்க் 100 சதவீதம் காட்டி, உள்ளே இருப்பது பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால், ரிச்சி ஸ்ட்ரீட் போகலாம். ரேமுக்கு முன்னால் எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத, வேகமான டிஸ்க்) கேளுங்கள். லேப்டாப்பின் மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு போங்கள்: எஸ்எஸ்டி வகைகளில் அதற்கு வேண்டியது 2.5 அங்குல சாட்டாவா, எம்.2-வா என்று தெரியாமல் வாங்கினால் பொருந்தாமல் போகலாம்.