காசிமேட்டுப் படகும் என் நண்பனின் பல்லும்

வெள்ளிக்கிழமை காலை வழிபாடு முடிந்தாலும் வரிசை கலையாது. நகம், தலைமுடி, பல் மூன்றையும் பார்த்த பிறகுதான் வகுப்புக்கு விடுவார்கள். தொண்ணூறுகளில் நம் பள்ளியில் படித்தவர்களுக்கு இது மறந்திருக்காது. ஆறாம் வகுப்பில் என் பக்கத்தில் நிற்பவன் மட்டும் வாயைத் திறக்க மாட்டான். அதட்டினால்தான் உதட்டை விலக்குவான். மஞ்சளும் பழுப்புமான பற்கள், அங்கங்கே ஊசியால் குத்தியது போல் குழிகள். "பல்லு தேய்க்கிற பழக்கமே கிடையாதா?" என்ற கேள்வி வாராவாரம் வரும். அப்புறம் அவன் மட்டும் கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் தனியாக நிற்பான்.

அவன் வீடு காசிமேட்டில், என் வீடு பழைய வண்ணாரப்பேட்டையில். பள்ளி விட்டதும் கல்மண்டபம் வரை சேர்ந்து நடப்போம். வழியில் சேமியா ஐஸ் வாங்கினால், நான் கடித்துத் தின்று முடிக்கும்வரை அவன் குச்சியைப் பிடித்துக்கொண்டே இருப்பான். ஐஸ் உருகி முழங்கை வரை வழியும். பாதி நீரான பிறகு நாக்கு நுனியால் எடுப்பான். குளிர் பல்லில் பட்டால் உயிர் போகும் என்று அவன் சொன்னதே இல்லை. நானாகப் புரிந்துகொள்ள இரண்டு வருஷம் ஆயிற்று.

அவன் பல் தேய்ப்பதை நான் பார்த்திருக்கிறேன். காலையில் ஒரு தடவை, இரவில் ஒரு தடவை. வெள்ளிக்கிழமைகளில் ஆயா கரித்தூளும் உப்பும் கலந்து கொடுத்து இன்னொரு தடவை தேய்க்க வைப்பார். ஈறில் ரத்தம் வரும்வரை தேய்ப்பான். தெருவில் சிலர் தண்ணீரைக் குறை சொன்னார்கள். பக்கத்துப் பல் கிளினிக் ஒன்றில் அவன் அம்மாவைத்தான் திட்டி அனுப்பினார்கள், பிள்ளையைக் கவனிக்கவில்லை என்று.

ஒன்பதாம் வகுப்பில் உயிரியல் சார் கரும்பலகையில் பல்லை வெட்டிக் காட்டுவது போல வரைந்தார். வெளியே வெள்ளைச் சாக்பீஸ், உள்ளே மஞ்சள், நடுவில் சிவப்பு. "உடம்பிலேயே கெட்டியான பொருள் இந்த வெள்ளை, எனாமல். ஆனா இதைக் கட்டின செல்லுங்க பல் முளைச்சதும் போயிடும். அதனாலதான் எனாமல் போனா திரும்ப வளராது" என்றார். கடைசி பெஞ்சிலிருந்து என் நண்பன் எழுந்தான். வகுப்பில் அவன் கேள்வி கேட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான். "சார், அந்த செல்லு வேலைய ஒழுங்கா செய்யலைன்னா?"

சார் கொஞ்ச நேரம் சாக்பீஸை உருட்டிக்கொண்டே நின்றார். "அப்ப பல் முளைக்கும்போதே பழுதாத்தான்பா வரும். அதுல உன் தப்பு ஒண்ணும் கிடையாது" என்றார். அடுத்த வெள்ளிக்கிழமை அவரே மைதானத்துக்கு வந்து, அவன் தோளில் கை போட்டு வகுப்புக்கு அழைத்துப் போனார். அதன் பிறகு அவனை யாரும் தனியாக நிற்க வைக்கவில்லை.

நான் டொராண்டோ வந்து, திசுக்களை மெல்லிய சீவல்களாக வெட்டிச் சாயமேற்றி நுண்ணோக்கிக்குத் தயார் செய்யும் வேலையில் சேர்ந்தேன். முதலில் எலும்பு, பிறகு பல். எலியின் முன்பல் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். அதனால் அந்த ஒரே பல்லை நீளவாக்கில் வெட்டினால், எனாமல் உருவாகும் எல்லாக் கட்டங்களும் ரயில் பெட்டிகளைப் போல வரிசையாகத் தெரியும். எனாமலின் எடையில் 96 சதவீதம் தாது. வெட்டுவதற்காகத் தாதுவைக் கரைத்தால் முதிர்ந்த எனாமல் முழுதும் கரைந்து வெற்று இடம்தான் மிஞ்சும். அந்த இடத்தின் ஓரத்தில் நெடுநெடுவென்று செல்கள் வரிசை கட்டி நிற்கும். எனாமலைக் கட்டுகிற அமெலோபிளாஸ்ட் செல்கள் அவைதான். முதன்முதலில் அதைப் பார்த்தபோது எனக்குக் கொடிக்கம்பமும் அதன் பக்கத்தில் நின்ற பையனும்தான் நினைவுக்கு வந்தார்கள்.

செல் எனாமலை எப்படிப் பிடித்துக்கொள்கிறது என்பதுதான் என்னை அந்த மேசையிலேயே உட்கார வைத்தது. முதல் கட்டத்தில் செல்லின் நுனி கூம்பு போல நீண்டு, அது சுரக்கும் புரதக்கூழுக்குள்ளேயே புதைந்திருக்கும். 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலப் பல் மருத்துவர் ஜான் டோம்ஸின் பெயரில் அதை டோம்ஸ் நீட்சி என்கிறார்கள். மனிதப் பல்லில் எனாமல் நாளொன்றுக்குச் சுமார் 4 மைக்ரோமீட்டர் தடிக்கும், செல் அந்த அளவுக்குப் பின்வாங்கும். பிடியை விடாமலே பின்வாங்க வேண்டும். அமெலோபிளாஸ்டின் என்ற புரதம் இதற்குத் துணை. அது சரியாக உருவாகாத எலிகளில் செல்கள் பிரிந்து, ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்துவிடுகின்றன என்று 2004இல் வெளியான ஆய்வு காட்டியது.

முழுத் தடிப்பு வந்ததும் அந்த நீட்சி உள்ளே போய்விடும். செல்களில் சுமார் கால் பங்கு அப்போதே மடிந்துவிடும். மிஞ்சியவை எனாமலின் மேல் ஒரு மெல்லிய படலத்தை விரித்து, அதில் பொத்தான் பொத்தானாக ஒட்டிக்கொள்ளும். இந்தப் பொத்தான்களுக்கு ஹெமிடெஸ்மோசோம் என்று பெயர். கொலாஜன்-17, இன்டக்ரின் என்ற புரதங்கள் செல்லின் பக்கமிருந்து நீள, படலத்திலுள்ள லேமினின்-332 என்ற புரதம் அவற்றைப் பிடித்துக்கொள்ளும். சாதாரணமாக இப்படிப்பட்ட படலங்களில் இருக்கும் கொலாஜன்-4 இதில் இல்லை. பதிலுக்கு அமெலோட்டின், ஓடாம் என்ற புரதங்கள் இருக்கின்றன. 2005இல் அமெலோட்டினைப் பற்றி அறிவித்த குழு நான் இருக்கும் இதே டொராண்டோவில் இருந்தது என்பதில் எனக்கு இன்றும் ஒரு சந்தோஷம். மாண்ட்ரியாலில் அன்டோனியோ நான்சியின் குழு இந்தப் படலத்தையே பல வருடங்களாக ஆராய்ந்திருக்கிறது.

ஒட்டிக்கொண்டுதான் மிச்ச வேலை எல்லாம் நடக்கும். கால்சியத்தை உள்ளே அனுப்ப வேண்டும், சிதைந்த புரதத்தை வெளியே எடுக்க வேண்டும். பிடி நழுவினால் எனாமல் மென்மையாகவோ குழிகுழியாகவோ போகும். கொலாஜன்-17, லேமினின்-332 இவற்றில் ஒன்றின் மரபணுவில், அம்மா வழி, அப்பா வழி என இரண்டு பிரதிகளும் பழுதான குழந்தைகளுக்குத் தோல் கொப்புளிக்கும், கூடவே எனாமலும் குழி விழும். லேமினின் மரபணுவில் ஒரு பிரதி மட்டும் பழுதானவர்களில் சிலருக்குத் தோலில் ஒன்றுமே இருக்காது, பல் மட்டும் கெடும்.

போன முறை ஊருக்குப் போனபோது அவனைக் காசிமேட்டில் பார்த்தேன். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஃபைபர் படகு செய்து பழுதும் பார்க்கிறான். கோட்டை ஸ்டேஷன் எதிரே இருக்கும் அரசு பல் மருத்துவக் கல்லூரியில் எல்லாப் பல்லுக்கும் உறை போட்டிருக்கிறான். அமெலோஜெனிசிஸ் இம்பர்ஃபெக்டா, அதாவது எனாமல் சரியாக உருவாகாத பிறவிக் குறை, என்று சீட்டில் எழுதிக் கொடுத்ததை பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்தான். சிரித்தபோது வாயைக் கையால் மூடவில்லை. அதைத்தான் நான் முதலில் கவனித்தேன்.

அச்சுக்குள் மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தான். பழைய பனியன் துணியைச் சுற்றிச் சுற்றிப் போட்டு, கை முட்டி மின்னும் அளவுக்கு. அதன் மேல் ஜெல்கோட் என்ற வெளிப்பூச்சு, பிறகு கண்ணாடி இழை மேட், அதை இறுக்கும் ரெசின். "மெழுகு ஒரு இடத்துல விட்டுப்போச்சுன்னா படகு அச்சோட ஒட்டிக்கும் மச்சான், பிரிக்கும்போது தோலு கிழிஞ்சிடும். சரி, அது ஒரு பக்கம். அதவிட பேஜாரு இன்னா தெரியுமா? இறுகுறதுக்கு முன்னாடியே ஜெல்கோட் அச்ச விட்டுட்டா சுருக்கம் விழுந்துடும். அப்புறம் எவ்ளோ தேய்ச்சாலும் போவாது."

நான் அங்கேயே ஒரு மரப்பலகையில் உட்கார்ந்துவிட்டேன். இத்தனை வருடமாக நான் பார்க்கும் விஷயத்தை அவன் ரெசின் வாளியைக் கலக்கிக்கொண்டே சொல்லிவிட்டான். எல்லாவற்றையும் அவனிடம் சொன்னேன். நிரந்தர நடு முன்பற்களின் எனாமல் குழந்தை பிறந்து மூன்று, நான்கு மாதத்தில் உருவாகத் தொடங்கி, நான்கு, ஐந்து வயதுக்குள் ஈறுக்கு உள்ளேயே முடிந்துவிடுகிறது. அவனை எதற்காகக் கொடிக்கம்பத்தடியில் நிற்க வைத்தார்களோ, அது அவன் முதல் பிரஷைப் பிடிப்பதற்கு முன்பே தொடங்கிவிட்டது. அவனுக்கு எந்த மரபணு என்பது சோதனை செய்தால்தான் தெரியும், ஆனால் கரித்தூளுக்கும் உப்புக்கும் அதில் வேலையே இல்லை. தேய்க்கத் தேய்க்க அந்த மென்மையான எனாமல் இன்னும்தான் தேய்ந்திருக்கும்.

இன்னொன்றையும் சொன்னேன், எனக்கு அதில் தனிப் பிரியம் உண்டு. பல் முளைக்கும்போது மிஞ்சிய செல்கள் ஈறோடு இணைந்துவிடும். ஈறு பல்லைச் சுற்றி ஒட்டியிருக்கிறதே, அந்தப் பிடிப்பும் அதே ஹெமிடெஸ்மோசோம், அதே லேமினின்தான். பின்னால் அங்கே வரும் புதுச் செல்களும் அதே முறையில்தான் பிடித்துக்கொள்கின்றன.

அவன் ரோலரைக் கீழே வைத்தான். "அப்ப நான் தேய்க்காததால இல்ல?"

"இல்லடா."

"நல்லாப் பாத்துதான சொல்ற?"

"தினமும் பார்க்கிறேன்."

கையைத் துடைத்துக்கொண்டு என்னை வீட்டுக்குக் கூட்டிப்போனான். அம்மா திண்ணையில் மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தார். "எம்மா, இவன் சொல்றத ஒருவாட்டி கேளு" என்று என்னை அவர் எதிரில் உட்கார வைத்தான். நான் முதலிலிருந்து சொன்னேன், செல் பெயர் எதுவும் இல்லாமல், படகையும் அச்சையும் வைத்து. அவர் கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு முழுதும் கேட்டார்.

"பால்பல்லே அப்படித்தான் கண்ணு மொளச்சுது" என்றார். "நான் அன்னிக்கே அந்த டாக்டராண்ட சொன்னேன். அவரு காதுலயே போட்டுக்கல."