குதிரைச் சவாரிக்கு எந்தத் தரை?

மாட்டுவண்டிச் சவாரிக்கு நேரான, இறுகிய தரவை வெளி போதும். ஒரே ஓட்டம், முடிந்துவிடும். குதிரை பழக்கும் திடல் அப்படியல்ல. ஆளைச் சுமந்துகொண்டு நாள்தோறும் அதே வட்டத்தில் திரும்புகிற காலுக்கு, இறுகிய தரை மூட்டில் அடிக்கும், இளகிய தரை தசைநாணை இழுக்கும். யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் ஒரு காணியில் 20 மீற்றருக்கு 40 மீற்றர் திடலொன்றை அமைக்கும் வேலையை மேற்பார்வை செய்தபோது இதுதான் என் மனதில் நின்றது.

எல்லாரும் திடலின் மேலே போடும் மணலைப் பற்றித்தான் கதைத்தார்கள். "கடற்கரை மணல் நல்லாத்தானே கிடக்கு, அதையே பறிச்சு விடுவம் அண்ணை" என்றார் ரிப்பர் ஓட்டும் தம்பி. கொஞ்சம் அள்ளி அவர் உள்ளங்கையில் போட்டுத் தேய்க்கச் சொன்னேன். காற்றும் அலையும் உருட்டிய மணி, விரலுக்குக் கீழ் வழுக்கி ஓடியது. குளம்புக்கும் அப்படித்தான், பிடி கிடைக்காது. மணற்காட்டுக் கடற்கரை மணல்மேடுகளில் கை வைக்க எனக்கு மனமும் இல்லை. அவை ஊருக்குக் காவல். கல் உடைக்கும் கிறஷரில் விழும் தூள் மலிவுதான். ஆனால் மழைக்கு இறுகி, வெயிலுக்குப் புழுதியாகும். முனை மழுங்காத, கழுவிய மணலை அனுமதிப் பத்திரத்தோடு எடுப்பதென்று முடிவானது. 10 சென்ரிமீற்றர் தடிப்புக்கே 28 கியூப் (ஒரு கியூப் நூறு கன அடி) வேண்டும்.

அதைவிடப் பெரிய வாக்குவாதம் மணலுக்குக் கீழே இருப்பதைப் பற்றித்தான். "எங்கட செம்மண் தண்ணியைக் குடிக்கும், பிறகேன் தம்பி வடிகால்?" என்றார் காணிக்கார ஐயா. கொத்திவிட்ட தோட்டத்துச் செம்மண் குடிக்கும். றோலர் ஏறி இறுகிய செம்மண் குடிக்காது. ஐப்பசி, கார்த்திகை மழைக்குத் திடல் குளமாகிவிடும். நடுவிலிருந்து இரு பக்கமும் 10 சென்ரிமீற்றர் சரிவு, ஓரத்தில் வாய்க்கால், மேலே சல்லி, கல்லும் மணலும் கலக்காமல் இடையில் தண்ணீர் இறங்கும் துணி. கண்ணுக்குத் தெரியாத இந்த வேலைக்குத்தான் முதலில் காசு ஒதுக்கச் சொன்னேன்.

சோளகக் காற்று வீசும் வறண்ட காலத்தில் பிரச்சினை தலைகீழ். புழுதி அடங்கத் தண்ணீர் தெளிக்க வேண்டும்; நமக்கோ கிணறுதான் கதி, அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவராகும். ஆகவே ஈரம் பிடிக்க மணலோடு தென்னந்தும்பு கலந்தோம், தெளிப்பதைப் பொழுதுபட்ட பிறகு வைத்துக்கொண்டோம். தும்பு உக்கும், திரும்பப் போடத்தான் வேண்டும். அந்தச் செலவுக்கு ஐயா சம்மதித்த பிறகே மணல் பறிக்கச் சொன்னேன்.