ஊருணில நின்னு போன போட்டும் நான் மாத்துன மோட்டாரும்

பையனோட அம்மான் ரெண்டு வருசத்துக்கு முன்னாடி சிங்கப்பூர்லேருந்து வந்தப்ப ஒரு ரிமோட் போட் வாங்கிட்டு வந்தாங்க, 60 சென்டிமீட்டர் நீளம், உள்ள ஒத்த மோட்டார், பின்னாடி ரெண்டு இலை ப்ரொப்பல்லர். எங்க ஊரு காரைக்குடிக்குப் பக்கம், இங்க ஐப்பசி கார்த்திகை மழை பெஞ்சு ஊருணி நெறஞ்சாத்தான் அந்த போட்டுக்கு வேலை, பங்குனி வந்துட்டா தண்ணி படிப்படியா எறங்கி அடில போயிரும், அப்பறம் அடுத்த மழை வரைக்கும் பெட்டிக்குள்ளதான். அதனால போன கார்த்திகைல அது நடு ஊருணில நின்னு போனப்ப பையனுக்கு அழுகையே வந்துருச்சு. ஒரு மோட்டார் மாத்துறதுதானே, ஒரு வாரத்துல முடிச்சிரலாம்னு நெனச்சேன், முடியும்போது தை பாதி ஓடிருச்சு. இதே வேலைல எறங்குறவங்க யாருக்காவது ஒதவட்டும்னு நடந்ததை அப்படியே எழுதுறேன்.

முன்னாடியே ஒண்ணு சொல்லிர்றேன், நாங்க போட் விடுறது குளிக்கிற ஊருணில மட்டும்தான். ஷாஃப்ட்டுக்குப் போடுற கிரீஸ் கொஞ்சமாவது தண்ணில கலக்கும், குடிக்கிறதுக்குத் தண்ணி எடுக்குற ஊருணில அது கூடவே கூடாது, எங்க ஊருல அங்க கால் நனைக்கவே விட மாட்டாங்க.

நின்னதுக்குக் காரணம் பாசி. ப்ரொப்பல்லர்ல பாசி சுத்திக்கிச்சு, பையன் அது தெரியாம த்ராட்டில அழுத்திக்கிட்டே இருந்திருக்கான், ரெண்டு மூணு நிமிசம் ம்ம்ம்னு ஒரு சத்தம் மட்டும் வந்துச்சு, அப்பறம் அதுவும் இல்ல. சுத்துற மோட்டார் தானே ஒரு எதிர் வோல்டேஜ் உண்டாக்கி கரண்டை அடக்கி வச்சிருக்கும், சுத்தாம நின்னுட்டா அந்த எதிர் வோல்டேஜ் இருக்காது, காயிலோட ரெசிஸ்டன்ஸ் மட்டும்தான் தடுக்கும், அதனால பேட்டரி குடுக்குற கரண்டு முழுக்க சூடாத்தான் மாறும். தூண்டில் நரம்புல டென்னிஸ் பந்தைக் கட்டி போட்டுக்கு அந்தாண்ட வீசி மெதுவா இழுத்துத்தான் கரைக்குக் கொண்டு வந்தோம், யாரும் தண்ணிக்குள்ள எறங்கல, எறங்கவும் கூடாது, படி தாண்டுனா ஆழம்.

வீட்டு முகப்புத் திண்ணைல வச்சுப் பிரிச்சேன். மூடியத் தொறந்ததும் வார்னிஷ் கருகுன வாடை. உள்ள இருந்தது 550ங்கிற சைஸ் பிரஷ் மோட்டார், டப்பா குறுக்களவு 36 மி.மீ., நீளம் 57, ஷாஃப்ட் 3.17. பின் மூடியக் கழட்டிப் பாத்தா கம்யூட்டேட்டர், அதாவது ஷாஃப்ட்டோட சேந்து சுத்துற செம்பு வளையம், கரிக்கட்டையா இருக்கு, அதுல ஒரசிக் கரண்டு குடுக்குற பிரஷ் ரெண்டும் தேஞ்சு நகக்கண்ணு அளவுதான் மிச்சம், பிரஷ்ஷை அமுக்குற ஸ்பிரிங் சூட்டுல நீலம் பாஞ்சு போச்சு. நீலம் பாஞ்ச ஸ்பிரிங்கு தெம்பு போன ஸ்பிரிங்கு, பிரஷ்ஷை மட்டும் மாத்தி ஓட்டலாம்ங்கிற நெனப்பை அங்கேயே விட்டுட்டேன். மோட்டாரையும் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டையும் சேக்குற கப்ளரைக் கழட்டும்போது அதோட குட்டி ஸ்க்ரூ ஒண்ணு கீழ விழுந்துச்சு, ஆத்தங்குடி கல்லுப் பூவேலைக்குள்ள அது எங்க கெடக்குன்னு அப்பத்தா, பையன், நான் மூணு பேரும் குனிஞ்சு தேடியும் கெடைக்கல, கடைசில பையன்தான் என்னைப் பாத்து "அப்பச்சி, அந்தப் பழைய மோட்டார் மேக்னெட்ட எடுங்க"ன்னான், அதைத் தரையில ஒரு இழுப்பு இழுத்ததும் ஸ்க்ரூ டக்குன்னு வந்து ஒட்டிக்கிச்சு.

இப்ப மோட்டார் தேடுற கதை. மொதல்ல எனக்குத் தெரிஞ்ச டூல்ஸ் ரிப்பேர் பண்றவர்கிட்ட கேட்டேன், அவரு ஒரு பழைய கார்ட்லெஸ் ட்ரில்லுல இருந்த மோட்டாரைக் குடுத்தாரு, அதுவும் 550தான், அதே டப்பா, அதே ஓட்டை, அதே ஷாஃப்ட். காசுகூட வாங்கல. மாட்டி தண்ணில விட்டா போட் வாத்து மாதிரி மெள்ளப் போகுது. அப்பறம்தான் ஒறைச்சுது, அது 18 வோல்ட் ட்ரில்லோட மோட்டார், என் பேட்டரி 7.4 வோல்ட், பாதி வோல்டேஜ்கூட கெடைக்கல, பின்ன எப்படி வேகமா சுத்தும். 550ன்னு சொன்னா அது டப்பா சைஸுக்குப் பேரு, உள்ள எத்தனை சுத்து கம்பி சுத்தியிருக்குன்னு அந்த நம்பர் சொல்லாது. இது தெரியாமத்தான் நெறைய பேரு வாங்கி ஏமாறுறாங்க.

அடுத்து ஆன்லைன்ல தேடுனா எல்லாரும் பிரஷ்லெஸ்ஸுக்குப் போங்கன்னு சொல்றாங்க. பிரஷ் கெடையாது, தேயாது, அதே எடைல பவர் அதிகம், இதெல்லாம் உண்மைதான். ஒரு கடைல 3650 சைஸ் மோட்டாரும் அதோட வேகத்தைக் கட்டுப்படுத்தி ஓட்டுற இஎஸ்சிங்கிற எலக்ட்ரானிக் சாமானும் சேத்து ஒரு செட்டா போட்டிருந்தாங்க, 36ன்னா குறுக்களவு, 50ன்னா நீளம், கே.வி. 4300. கே.வி.ன்னா கிலோவோல்ட் இல்ல, லோடு இல்லாம ஒரு வோல்ட்டுக்கு எத்தனை சுத்து சுத்தும்ங்கிற கணக்கு. நான் என்ன பண்ணேன், கே.வி. பெருசா இருந்தா நல்லதுன்னு நெனச்சு வாங்கிட்டேன். போட்டுக்கு ஆகுமான்னு கேட்டதுக்கு தாராளமா ஆகும்னு பதில் போட்டாங்க, வந்து பாத்தா கார்ல போடுற செட்டு, இஎஸ்சி தலைல ஒரு குட்டி ஃபேன். டேப் ஒட்டி அடைச்ச போட்டுக்குள்ள ஃபேன் சுத்தி என்ன பிரயோசனம், அதே சூட்டுக் காத்தத்தான் திருப்பித் திருப்பி அடிக்கும். ஒண்ணரை நிமிசம் போட் பறந்துச்சு, நெசமாவே தண்ணிக்கு மேல பறந்துச்சு, பையன் குதிக்கிறான், உடனே டப்புன்னு ஒரு சத்தம், இஎஸ்சி கெபாசிட்டர் வெடிச்சு பொகை. லிப்போ, அதாவது லித்தியம் பாலிமர் பேட்டரி பக்கத்துல அப்படிப் பொகை வந்தா வெளையாட்டு இல்ல, அது தீப்புடிச்சா தண்ணி ஊத்தி அணைக்கிறதெல்லாம் லேசுல ஆகாது. அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல.

மறுநாள் டவுன்ல போர் மோட்டாருக்குக் காயில் கட்டுற அண்ணன்கிட்ட ரெண்டு மோட்டாரையும் கொண்டு போய்க் காட்டுனேன். அவரு கட்டுறது ஆள் ஒசரத்துக்கு நிக்கிற சப்மர்சிபிள் மோட்டார், இந்தக் கட்டை வெரல் சாமானைப் பாத்து ஒதுக்கிருவாருன்னுதான் நெனச்சேன். கையில வாங்கி ஷாஃப்ட்டைச் சுத்திப் பாத்துட்டு ஒண்ணே ஒண்ணு கேட்டாரு.

"தம்பி, இது எதைச் சுத்துது?"

ப்ரொப்பல்லர்ண்ணேன்னேன்.

"அதைக் கொண்டாராம மோட்டாரை மட்டும் கொண்டாந்தா நான் என்ன சொல்ல. கரண்டை இழுக்குறது மோட்டார் இல்ல தம்பி, லோடு. பம்ப்போட இம்பெல்லரைப் பாக்காம நான் எந்த மோட்டாருக்கும் காயில் கட்ட மாட்டேன்."

இந்த ஒரு பேச்சுலதான் எனக்கு எல்லாம் தெளிவாச்சு. நான் மோட்டார்லேருந்து ஆரம்பிச்சு யோசிச்சுக்கிட்டு இருந்தேன், யோசிக்க வேண்டியது தண்ணிலேருந்து. ப்ரொப்பல்லர் என்ன சைஸு, அதை எவ்வளவு வேகத்துல சுத்தணும், பேட்டரி எத்தனை வோல்ட், எவ்வளவு கரண்டு தாங்கும், இதெல்லாம் முடிவான பெறகுதான் மோட்டார்.

வீட்டுக்கு வந்து பேப்பர்ல கணக்குப் போட்டேன். என்கிட்ட இருக்குறது 2எஸ் லிப்போ, அதாவது ரெண்டு செல், 7.4 வோல்ட், 5000 மில்லி ஆம்ப் அவர். 4300ஐ 7.4ஆல பெருக்குனா நிமிசத்துக்கு 31,820 சுத்து. 2600 கே.வி. போட்டா 19,240. பாக்க ஒண்ணரை மடங்கு சொச்சம் வித்தியாசம்தான், ஆனா தண்ணில ப்ரொப்பல்லர் சுத்துறதுக்கு வேண்டிய பவர் வேகத்தோட மூணாம் படிக்கு ஏறும், ரெண்டு மடங்கு வேகம்னா எட்டு மடங்கு பவர். அப்பிடிப் பாத்தா 4300 மோட்டார் அதே ப்ரொப்பல்லர வச்சு கேட்டது நாலரை மடங்கு பவர், அவ்வளவையும் குடுக்க முடியாமத்தான் இஎஸ்சி வெடிச்சிருக்கு. ப்ரொப்பல்லர் குறுக்களவு இன்னும் மோசம், அது ஏறத்தாழ அஞ்சாம் படி, 36 மி.மீ.ல இருந்து 32க்கு எறக்குனா அதே வேகத்துல பவர் கிட்டத்தட்ட பாதிக்கு வந்துரும். ஒரு சின்ன பிளாஸ்டிக் சாமானுக்கு இவ்வளவு பலம்.

கடைசில எடுத்தது 3660, 2600 கே.வி., நாலு போல் இன்ரன்னர். இன்ரன்னர்னா வெளி டப்பா சுத்தாம உள்ள ரோட்டர் மட்டும் சுத்துறது, வெளிய சுத்துற ஔட்ரன்னர்ல சூட்டைத் தணிக்கிற தண்ணி ஜாக்கெட் மாட்ட எடம் இருக்காது, எனக்கு ஜாக்கெட் வேணும். 3650ஐ விட்டு 3660 எடுத்ததுக்குக் காரணம், 10 மி.மீ. நீளம் கூடுனா உள்ள செம்பும் காந்தமும் கூடும், அதே லோடுக்குச் சூடு கொறையும். ஷாஃப்ட் 3.175, முன்னாடி ஸ்க்ரூ ஓட்டை 25 மி.மீ. தள்ளி, பழைய மவுண்ட்டும் பழைய கப்ளரும் அப்படியே பொருந்துச்சு. வாங்குறதுக்கு முன்னாடி இந்த ரெண்டு அளவையும் வெர்னியர் வச்சு அளந்துக்கங்க, சில 3660ல ஷாஃப்ட் 5 மி.மீ. வருது, அப்பறம் கப்ளருக்கு அலையணும். இஎஸ்சி இந்தத் தடவை போட்டுக்குன்னே செஞ்சது, 60 ஆம்ப்ஸ், தண்ணி போயிட்டு வர ரெண்டு குழாய் மூக்கு வச்சது. மோட்டார், இஎஸ்சி, ஜாக்கெட் எல்லாம் சேத்து எனக்கு ஐயாயிரத்துச் சொச்சம் ஆச்சு.

மாட்டுறதுல மூணு எடத்துல கவனமா இருக்கணும். மவுண்ட் ஸ்க்ரூ, எம்3தான், ஆனா பழைய மோட்டாரோட ஸ்க்ரூவையே போட்டு முறுக்கிறாதீங்க, நீளம் கூடிட்டா முனை உள்ள போயி காயில்ல குத்திரும், புது மோட்டார் மொத நாளே போயிரும். நான் தீக்குச்சியை ஓட்டைக்குள்ள விட்டு ஆழம் பாத்து, ஸ்க்ரூவை அரத்துல தேச்சுத்தான் போட்டேன்.

அடுத்தது நேர்கோடு. மோட்டார் ஷாஃப்ட்டும் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டும் ஒரே கோட்டுல இல்லன்னா கப்ளர் அடிக்கும், சத்தம் வரும், சும்மாவே கரண்டு வீணாப் போகும். நான் மவுண்ட்டுக்கு அடில கல்யாணப் பத்திரிகை அட்டையை நறுக்கி நறுக்கி வச்சு, ஒவ்வொரு தடவையும் ப்ரொப்பல்லரை வெரலால சுண்டிப் பாத்தேன். கோணலா இருந்தப்ப அரைச் சுத்துல நிக்கும். சரியா ரெண்டு துண்டு அட்டை வச்சப்ப சுண்டுனா மூணு சுத்து சுத்தி மெதுவா நின்னுச்சு, உள்ள இருக்குற காந்தம் ஒவ்வொரு எடத்துலயும் லேசாப் புடிச்சுப் புடிச்சு விடுறது வெரல்ல தெரிஞ்சுது. அந்த அட்டைக்குப் பதிலா அதே கனத்துல பிளாஸ்டிக் துண்டு வச்சு ஒட்டிட்டேன், அட்டை தண்ணில ஊறிரும்.

மூணாவது ஜாக்கெட். மோட்டார் மேல சொருகுற அலுமினிய உறை, ரெண்டு பக்கமும் ரப்பர் ரிங். எனக்கு வந்ததுல ஒரு ரிங் சரியா ஒக்காரல, நல்ல வேளையா தண்ணில விடுறதுக்கு முன்னாடி ஊசி போடுற சிரிஞ்சுல தண்ணி ஏத்திப் பாத்தேன், சொட்டு சொட்டா ஒழுகுச்சு. ரிங்குல கொஞ்சம் சிலிக்கான் கிரீஸ் தடவித் திருப்பி மாட்டுனதும் நின்னுச்சு. தண்ணி மொதல்ல இஎஸ்சிக்கு, அதுலேருந்து மோட்டாருக்கு, அப்பறம் வெளிய. பக்கவாட்டு ஓட்டைல தண்ணி பீச்சுறது கரையிலேருந்தே தெரியணும், பீச்சல் நின்னா உடனே திருப்பிக் கொண்டாந்துரணும், குழாய்ல பாசி அடைச்சிருக்கும்.

மொத ஓட்டம் பொங்கலுக்கு அடுத்த வாரம். போட் பின்னாடி வந்துச்சு, பயப்பட ஒண்ணுமில்ல, பிரஷ்லெஸ்ல மூணு வயர்ல எந்த ரெண்டையாவது மாத்திச் சொருகுனா சுத்துற திசை மாறிரும். நடுவுல வாட்மீட்டர் வச்சு ஓட்டுனேன், 36 மி.மீ. ப்ரொப்பல்லர்ல அதிகபட்சம் 38 ஆம்ப்ஸ் காட்டுச்சு, இஎஸ்சி தாங்கும், ஆனா அஞ்சு நிமிசம் கழிச்சு மோட்டார் மேல டெம்பரேச்சர் கன்னை வச்சா 71 டிகிரி. சாதாரண நியோடிமியம் காந்தம் 80 டிகிரிக்கு மேல போனா கொஞ்சம் கொஞ்சமா பலத்தை இழக்கும், அதுவும் டப்பா வெளில 71ன்னா உள்ள ரோட்டர்ல இன்னும் கூடத்தான் இருக்கும். எனக்கு மனசு ஒப்பல. 32 மி.மீ. ப்ரொப்பல்லர் மாத்துனேன், 24 ஆம்ப்ஸ், 52 டிகிரி, வேகத்துல பெருசா வித்தியாசம் தெரியல, கிளம்பும்போது மட்டும் ஒரு நொடி யோசிச்சுக் கிளம்புது. 24 ஆம்ப்ஸ்னா 5000 பேட்டரில முழு த்ராட்டில்ல பன்னெண்டரை நிமிசம் கணக்கு, நான் எட்டு நிமிசத்துக்கு மொபைல்ல அலாரம் வச்சு எடுத்துர்றேன், லிப்போவை ஒட்டக் கறக்கக் கூடாது.

பேட்டரி வெவரம் எனக்குச் சொல்லித் தந்தது சிக்ரில வேலை பாக்குற ஒரு நண்பர். 1948ல அடிக்கல் நாட்டி 1953ல தொறந்த அந்த மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் நம்ம ஊருலயே இருக்கு, அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நெலம் குடுத்து வந்தது, எனக்கு அதுல எப்பவும் ஒரு பெருமை உண்டு. ஓட்டாம வைக்கும்போது முழுசா சார்ஜ் ஏத்தியும் வைக்காத, காலியாவும் வைக்காத, செல்லுக்கு 3.8 வோல்ட்ல வைன்னாரு.

இப்ப மாசி. ஊருணில தண்ணி ஆறு படி எறங்கிருச்சு, செம்புறாங்கல்லு வெளிய தெரியுது, பாசி கரையோரமா ஒதுங்கி நடு மட்டும் தெளிவா இருக்கு. பையன் நடுவுலயே வட்டம் போட்டு ஓட்டுறான், ஒவ்வொரு வட்டத்துக்கும் தண்ணி பீச்சுதான்னு அவனே பாத்துக்கிறான், நேத்து பீச்சல் கொறைஞ்சதைப் பாத்துட்டு நான் சொல்றதுக்கு முன்னாடியே த்ராட்டிலை விட்டுட்டான்.