இட்டேரியில் இரு சக்கரம்: பொள்ளாச்சி–சித்தூர் எல்லையோர நாட்குறிப்பு

மே 18, 2025

நம்மூரில் 'கிராவல்' என்றால் டிப்பர் லாரியில் வந்து இறங்கும் மண். அதனால் 'கிராவல் சைக்கிள்' என்றதும் ஒரு குழப்பம் வரும். வண்டி இதுதான்: ரோடு சைக்கிள் மாதிரி வளைந்த ஹேண்டில்பார், 38 முதல் 50 மி.மீ. வரை அகலமான டயர், டிஸ்க் பிரேக், மேட்டுக்கு உதவும் சின்ன கியர். தாரிலும் ஓடும், மண்ணிலும் ஓடும். அதற்கேற்ற தடம் கொங்கு நாட்டில் எந்தக் காலத்திலும் உண்டு, பெயர்தான் வேறு: இட்டேரி. இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவே மாட்டு வண்டி போன இரட்டைத் தடம், அதன் நடுவில் புல்.

இந்தக் குறிப்புகள் தமிழ்நாட்டின் பொள்ளாச்சிக்கும் கேரளத்தின் பாலக்காடு மாவட்டச் சித்தூருக்கும் நடுவே கோபாலபுரம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம், வேலந்தாவளம் சோதனைச்சாவடிகளைச் சுற்றிய நிலத்துக்கானவை. எல்லை தாண்டினாலும் கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதிப் பக்கம் தமிழ்ப் பேச்சு தொடரும். மாறுவது ரோடுதான். கேரளப் பக்கம் சின்னச் சந்துக்கும் தாரோ காங்கிரீட்டோ போட்டுவிடுகிறார்கள். அங்கே மண் தடம் வேண்டுமானால் வாய்க்கால் கரையையும் தோப்பு வழியையும்தான் தேட வேண்டும்.

புது சைக்கிள் வாங்கும் முன் வீட்டில் இருக்கும் ஹைப்ரிட்டை (நேர் ஹேண்டில்பார் போட்ட ஊர் சைக்கிளை) அளந்து பாருங்கள். பின்சக்கரத்தின் இருபுறமும் ஃபிரேமுக்கும் டயருக்கும் நடுவே 6 மி.மீ. இடைவெளி மிஞ்ச வேண்டும். டயரில் 40 என்று அச்சிட்டிருப்பதை அப்படியே நம்ப வேண்டாம். ரிம் அகலமாக இருந்தால் அதே டயர் 42 மி.மீ. வரை விரியும். காற்றடித்து ஒரு நாள் வைத்துவிட்டு அளப்பதே சரியான அளவு.

கியரில் பார்க்க வேண்டியது ஒரே கணக்கு. முன்னால் 34 பல், பின்னால் 34 பல் என்றால் மிதி ஒரு சுற்று, சக்கரம் ஒரு சுற்று. 40 மி.மீ. டயர் போட்ட 700சி (ரோடு சைக்கிளின் வழக்கமான அளவு) சக்கரத்தின் சுற்றளவு சுமார் 2.2 மீட்டர். நிமிடத்துக்கு 60 மிதி மிதித்தால் மணிக்கு 8 கி.மீ. மணலிலும் மேட்டிலும் இதற்குக் கீழே போகாமல் தடுமாறாமல் ஓட்ட முடியும் என்றால் அந்த கியரே போதும். பாலக்காட்டுக் கணவாய் பெரும்பாலும் சமதளம். வால்பாறை ஏறுகிறவர்களின் கணக்கு தனி.

மே 25, 2025

கேரளத்தில் பருவமழை நேற்றே தொடங்கிவிட்டது. வெளியே போக முடியாத நாள், டியூப்லெஸ் (உள்ளே டியூப் இல்லாமல் டயரிலேயே காற்று நிற்கும் முறை) போட்டு முடிக்க நல்ல நாள். இந்த நிலத்தில் டியூப்லெஸ்ஸை ஆடம்பரம் என்று ஒதுக்க முடியாது. நெருஞ்சியும் வேலிக்கருவையும் இருக்கிற இடத்தில் டியூப் போட்ட சக்கரம் ஒரு காலைக்கு இரண்டு பஞ்சர் கேட்கும்.

முதலில் ரிம் டேப், அதாவது ரிம்மின் ஆரக்கால் துளைகளை மூடும் ஒட்டுநாடா. ரிம்மின் உள் அகலம் 21 மி.மீ. என்றால் டேப் 23 முதல் 25 மி.மீ. வேண்டும். குறைந்தால் ஆரக்கால் துளையின் ஓரத்தில் காற்று கசியும். கூடினால் டயரின் விளிம்பு உட்காரும் இடத்தில் டேப் ஏறி நிற்கும். ஐசோப்ரொபைல் ஆல்கஹாலால் ரிம்மைத் துடைத்து, ஈரம் முழுக்கக் காய்ந்த பிறகு, நன்றாக இழுத்துப் பிடித்து ஒட்டுங்கள். முடியும் இடத்தில் பத்து சென்டிமீட்டர் மேலேறிப் படியட்டும். வால்வுத் துளையைக் கத்தியால் கீற வேண்டாம், கீறல் ஓடிக்கொண்டே போகும். சூடாக்கிய கோணூசியால் குத்தினால் ஓரம் உருகி நிற்கும். வால்வின் நட்டை விரலால் இறுக்கினால் போதும். குறடு போட்டு இறுக்கிவிட்டு, வழியில் டியூப் போட வேண்டி வந்தால் கழற்ற முடியாமல் நிற்பவர்கள் நிறையப் பேர்.

டயர் உட்கார வேகமாகக் காற்று போக வேண்டும். கைப்பம்பு பல நேரம் தோற்கும். பஞ்சர் கடை கம்ப்ரஸர் நல்ல வழி, ஆனால் அங்கே இருப்பது மோட்டார் சைக்கிள் வால்வுக்கான முனை. நம் சைக்கிளின் மெலிந்த பிரெஸ்டா வால்வுக்கு மாட்டும் பித்தளை அடாப்டர் ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். விளிம்பில் சோப்புத் தண்ணீர் தடவி, வால்வின் உள்கட்டையைக் கழற்றிவிட்டுக் காற்று விட்டால் 'டப், டப்' என்று இரண்டு சத்தம் வரும். அதன் பிறகு டயரின் பக்கவாட்டில் ரிம்மை ஒட்டி ஓடும் மெல்லிய கோட்டைச் சுற்றிலும் பாருங்கள். எல்லா இடத்திலும் ஒரே உயரத்தில் தெரிந்தால் உட்கார்ந்துவிட்டது. கம்ப்ரஸரில் கை நிதானம் வேண்டும். கொக்கி இல்லாத 'ஹுக்லெஸ்' ரிம்முக்கு 5 பார், அதாவது 72.5 பி.எஸ்.ஐ. உச்சவரம்பு. டயரில் அதைவிடக் குறைவாக அச்சிட்டிருந்தால் அதுதான் வரம்பு.

சீலன்ட், அதாவது முள் குத்திய ஓட்டையை உள்ளிருந்து அடைக்கும் லேடெக்ஸ் திரவம், 40 மி.மீ. டயருக்கு 60 மி.லி. என்று புட்டியில் போட்டிருக்கும். இங்கே 80 ஊற்றுங்கள். முள் அதிகம், வெயிலில் லேடெக்ஸ் சீக்கிரம் காய்ந்துவிடும். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை சக்கரத்தைக் காதருகே வைத்துக் குலுக்குங்கள். தண்ணீர் அலம்பும் சத்தம் இல்லையென்றால் 40 மி.லி. சேர்க்கும் நேரம். காற்றடிக்கும்போது வால்வு கீழே, ஆறு மணி நிலையில் நிற்கக் கூடாது. சீலன்ட் வால்வுக்குள் ஏறி அடைத்துவிடும். நான்கு மணி அல்லது எட்டு மணி நிலையில் வைக்கவும். கார்பன் டை ஆக்ஸைடு சிலிண்டர் அவசரத்துக்கு மட்டும், அந்தக் குளிர்ச்சியில் லேடெக்ஸ் திரிந்து கட்டியாகிவிடலாம்.

காற்றழுத்தம்: 65 கிலோ எடை, 40 மி.மீ. டயர் என்றால் முன்னால் 28, பின்னால் 32 பி.எஸ்.ஐ.யில் ஆரம்பியுங்கள். கல்லில் ரிம் தட்டினால் இரண்டு கூட்டுங்கள். கை மரத்துப்போனால் இரண்டு குறையுங்கள்.

ஜூன் 1, 2025

அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் எம்போரியா ஊரைச் சுற்றி 2006 முதல் நடக்கும் 200 மைல் பந்தயம்தான் கிராவல் சைக்கிள் விளையாட்டின் பெரிய திருவிழா. இப்போதைய பெயர் 'அன்பவுண்ட்'. இந்த ஆண்டுப் பந்தயம் நேற்று முடிந்தது. அங்கே எதிரி சிக்கிமுக்கிக் கல். கத்தி போல டயரின் பக்கவாட்டைக் கிழிக்கும். அதனால்தான் அவர்கள் தடித்த பக்கவாட்டு டயரைப் பரிந்துரைக்கிறார்கள். நமக்கு எதிரி நேராக மேல்பரப்பில் ஏறும் முள். பக்கவாட்டு மெலிந்திருந்தாலும் பரவாயில்லை, நடுவில் பாதுகாப்புப் பட்டை இருக்கும் டயர் வேண்டும். வெளிநாட்டுப் பட்டியலை அப்படியே வாங்கினால் கனமும் செலவும்தான் மிச்சம்.

பையில்: பிளக் குத்தும் ஊசி, ஐந்தாறு பிளக் (ஓட்டையில் திணிக்கும் ரப்பர் திரி), ஒரு டியூப், பம்பு, சின்னக் குறடு. அந்தக் குறடுதான் பலர் மறப்பது. டியூப்லெஸ் டயருக்குள் சில மாதத்தில் பத்திருபது முள் முனைகள் நீட்டிக்கொண்டிருக்கும். சீலன்ட் அடைத்து வைத்திருப்பதால் வெளியே தெரியாது. வேறு வழியில்லாமல் டியூப் போடும்போது அத்தனையையும் பிடுங்காமல் போட்டால் அது பத்தடி தாண்டாது. உள்ளே விரலால் தேடாதீர்கள், துணியைச் சுருட்டித் தடவுங்கள். நூல் மாட்டும் இடத்தில் முள் இருக்கும்.

ஜூன் 15, 2025

காற்று. கணவாய் வழியாக மேற்கிலிருந்து கிழக்காக, செப்டம்பர் வரை இப்படித்தான். கஞ்சிக்கோட்டில் காற்றாலை நிற்பது சும்மா இல்லை. மணிக்கு 20 கி.மீ.யில் போகும்போது எதிரே 20 கி.மீ. காற்று வந்தால், உடம்பு சந்திக்கும் காற்றின் வேகம் 40. தடை வேகத்தின் வர்க்கமாக ஏறுவதால் நான்கு மடங்கு. ஆக இந்த மாதங்களில் விடியும்போது மேற்கே கிளம்பி, வெயில் ஏறிக் காற்று வலுக்கும் நேரத்தில் கிழக்கே திரும்புகிற மாதிரி வழி போடுங்கள். தலைகீழாகப் போட்டவர்கள் கடைசிப் பத்து கிலோமீட்டரில் பாடம் படிப்பார்கள். தென்னந்தோப்பின் உள்வழியில் காற்று பாதியாகக் குறையும். சுற்றுவழியானாலும் நேரம் மிச்சம்.

ஜூலை 2, 2025

கேரளத்தில் கரிசல் மண் என்றாலே சித்தூர் வட்டம்தான். காய்ந்திருக்கும்போது சிமென்ட் தரை மாதிரி ஓடும். ஒரு மழை போதும், தடத்தையே சக்கரம் சுருட்டிக்கொண்டு வரும். இருநூறு மீட்டரில் ஃபோர்க்குக்கும் டயருக்கும் நடுவே களிமண் நிரம்பி, சக்கரம் நின்றுவிடும். அப்போது பலமாக மிதிப்பதுதான் பெரிய தவறு. களிக்குள் இருக்கும் கல் உப்புத்தாள் போல ஃபிரேமைத் தேய்க்கும், கியர் தொங்கும் ஹாங்கர் வளையும். இறங்கி, புல் உள்ள ஓரத்துக்குத் தூக்கிப் போய், தென்னை ஈர்க்குக் கட்டு அல்லது குச்சியால் சுரண்டுங்கள்.

மழைக்காலத்துக்கு அகலமான டயர் வேண்டும் என்பது செம்மண்ணுக்கும் மணலுக்கும் சரி, கரிசலுக்கு நேர்மாறு. 45 கொள்ளும் ஃபிரேமில் 38 போட்டால் களி வழுகி விழ இடம் கிடைக்கும். வண்டி கழுவும் கடையின் பிரஷர் குழாயை சக்கர அச்சுக்கும் மிதியச்சுக்கும் நேராகக் காட்ட வேண்டாம். பேரிங்கில் இருக்கும் கிரீஸ் கழுவிப் போய் தண்ணீர் குடியேறும். வாளித் தண்ணீரும் பழைய பிரஷும் போதும்.

ரயில் பாதைக்கு அடியில் போகும் சுரங்கப் பாலங்கள் இப்போது குளம். ஆழம் தெரியாமல் இறங்கக் கூடாது, அடியில் சேறும் கம்பிச் சட்டமும் இருக்கும்.

ஜூலை 13, 2025

எந்த நாட்டு சைக்கிள் கையேட்டிலும் இல்லாத ஒரு கோளாறு: தேங்காய் நார். பொள்ளாச்சிப் பக்கம் நார் ஆலைகளின் வாசலில் காய்கிற நாரும், தோப்பில் விழுந்து கிடக்கும் பன்னாடையும் பின்கியரின் குட்டிச் சக்கரத்தில் சுற்றிக்கொள்ளும். முதல் அறிகுறி, மிதிப்பதை நிறுத்தினால் செயின் மேல்பக்கம் தொய்வது. அங்கேயே நின்று கத்தியால் வெட்டி எடுக்கவும். பின்னோக்கி மிதித்து எடுக்கப் பார்த்தால் இன்னும் இறுகும். பன்னாடை ஆரக்காலில் மாட்டினால் கியரையே இழுத்துக்கொண்டு போய் ஹாங்கரை உடைக்கும். ஹாங்கர் ஒவ்வொரு மாடலுக்கும் ஒவ்வொரு வடிவம், எல்லைக் கிராமத்தில் கிடைக்காது. ஒன்றை ஸீட்டுக்கு அடியில் டேப் போட்டு ஒட்டிவையுங்கள், கூடவே அதற்கான ஆலன் சாவி.

ஆகஸ்ட் 3, 2025

வரைபடம் போடுவது பற்றி. செயற்கைக்கோள் படத்தைப் பெரிதாக்கித் தடம் தேடுவது வறண்ட நாட்டுக்கு நல்ல முறை. இங்கே மேலிருந்து தெரிவது தென்னை மண்டை மட்டும். பொதுமக்களே வரையும் இணைய வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் கோடு இருந்தாலும் நடுவில் கேட் இருக்கலாம். தோப்பு பட்டா நிலம், கேட் திறந்திருப்பது அனுமதி ஆகாது. "வழி போகுதுங்களா?" என்று ஒரு வார்த்தை கேட்டால் பெரும்பாலும் விடுவார்கள், மலையாளத்தில் "வழியுண்டோ?" போதும். சொட்டுநீர்க் குழாய் தடத்தின் குறுக்கே போனால் சைக்கிளைத் தூக்கித் தாண்டவும். ஏற்றி மிதித்துக் குழாய் நசுங்கினால் அடுத்து வருகிறவருக்கும் வழி அடைபடும்.

பரம்பிக்குளம்–ஆழியாறு வாய்க்கால் கரைகள் நல்ல சரளை. ஆனால் மதகு வரும் இடமெல்லாம் காங்கிரீட் விளிம்பு நீட்டியிருக்கும், ரிம் நசுங்குவது அங்கேதான். முன்சக்கரத்தை லேசாகத் தூக்கி ஏற்றுங்கள். தண்ணீர் விட்டிருக்கும் நாளில் நிலத்தை ஒட்டிய பக்கம் ஒருவர் பின் ஒருவராகப் போகவும். பூசிய சரிவில் பாசி, விழுந்தால் பிடிமானம் கிடையாது. வாய்க்காலைப் பார்த்துக்கொள்ளும் லஸ்கர் போக வேண்டாம் என்றால் திரும்பிவிடுங்கள்.

தெற்கே சேத்துமடை வனச் சோதனைச்சாவடியோடு வழியை முடித்துவிடுங்கள். அதற்கு மேல் புலிகள் காப்பகம். மலையடிவாரத் தோப்புகளிலும் இருட்டு விலகும் முன் போக வேண்டாம், யானை இருக்கும்.

ஆகஸ்ட் 20, 2025

செயின் அளக்கக் கருவி வாங்காவிட்டாலும் இரும்பு ஸ்கேல் போதும். ஒரு பின்னின் நடுவிலிருந்து 12 அங்குலம். இன்னொரு பின்னின் நடு அங்கே சரியாக வந்தால் புதுசு. பதினாறில் ஒரு பங்கு அங்குலம் தள்ளிப்போனால் மாற்றவும். தள்ளிப்போட்டால் பின்பற்சக்கரமும் சேர்ந்து தேயும், அது செயினைவிடப் பல மடங்கு விலை. செம்மண் தூசிக்கு எண்ணெய் ஆகாது, பிசைந்த பசையாகிவிடும். பாரஃபின் மெழுகை உருக்கிச் செயினை முக்கி எடுப்பது நல்லது. முன்னதாக டர்பன்டைனில் ஊறவைத்துத் தொழிற்சாலை கிரீஸை முழுக்க எடுக்க வேண்டும், இல்லையென்றால் மெழுகு பிடிக்காது. நேரடி அடுப்பு வேண்டாம், கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்குங்கள். 300 கி.மீ.க்கு ஒரு முறை, நனைந்தால் அன்றைக்கே.

இளநீர் பற்றி ஒரு வார்த்தை. பொட்டாசியம் நிறைய, வியர்வையில் போகும் சோடியம் குறைவு. இரண்டு இளநீரோடு மூன்று மணி நேரம் ஓட்டினால் கால் பிடிக்கலாம். ஒரு சிட்டிகை உப்புப் போட்டுக் குடியுங்கள், அல்லது உப்பு மோர்.

செப்டம்பர் 14, 2025

மழை முடிந்த சைக்கிளில் முதலில் பார்க்க வேண்டியது பிரேக் கட்டை. சேற்றில் ரெசின் (பிசின் கலந்த) கட்டை வேகமாகக் கரையும். உராய்வுப் பகுதி 1 மி.மீ.க்குக் குறைந்தால் மாற்றுங்கள். உலோகக் கட்டை நீண்ட நாள் தாங்கும், ஆனால் கொஞ்சம் சத்தம் போடும். டிஸ்கில் 'ரெசின் மட்டும்' என்று பொறித்திருந்தால் அதைப் போடக் கூடாது. பிறகு முன்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஹேண்டில் கழுத்தில் 'டொக்' என்றால் அங்கிருக்கும் பேரிங் தொகுப்பு, ஹெட்செட், தளர்ந்திருக்கிறது.

நவம்பர் வாக்கில் காற்று திசை மாறிக் கிழக்கிலிருந்து மேற்கே அடிக்கத் தொடங்கும். பாலக்காட்டார் அதை விருச்சிகக் காற்று என்பார்கள். ஜூனில் போட்ட ஜி.பி.எக்ஸ். கோப்பை (வழியைப் பதிந்த ஜி.பி.எஸ். கோப்பு) அதற்குள் தலைகீழாக்கிச் சேமித்துவையுங்கள். அப்போது கொழிஞ்சாம்பாறையிலிருந்து கிளம்பி, காலையில் பொள்ளாச்சி, வெயிலேறத் திரும்புவது.